முனையில் ஒட்டியிருந்த தனாக்கா

தம்பி ஊரை விட்டுப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அப்பாவுக்கு ஒரு வேப் வாங்கிக்கொண்டு வந்தான். பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டிருந்த சமயம் அது. அவன் வெளியே போவதையே குறைத்திருந்தான். அன்று போனவன் தனக்கு ஒரு முதுகுப் பையும் அப்பாவுக்கு அந்தச் சாமானுமாகத் திரும்பி வந்தான். பையைப் பார்த்ததும் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா மட்டும் சாமானைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னடா இது, வேப்பு வேப்புங்கிற? வேப்பிலையில செஞ்சதா?"

"இல்லப்பா. சுருட்டுக்குப் பதிலு. நெருப்பு கெடையாது, சாம்பல் கெடையாது. வாயில வச்சு இழுத்தா ஆவி வரும், அவ்வளவுதான்."

"தீந்துபோச்சுன்னா?"

"தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கணும்."

"பொறகு அடியில என்னத்துக்கு ஓட்டை?"

"அது சார்ஜ் போடுறதுக்கு."

"தூக்கிப் போடுற சாமானுக்கு என்னத்துக்குடா சார்ஜ்?"

தம்பி பொறுமையாக விளக்கினான். உள்ளே அடைத்திருக்கும் சாறு நிறைய, பேட்டரி சின்னது. சாறு தீர்வதற்குள் பேட்டரி பல தடவை தீர்ந்துவிடும். அதனால் சாறு இருக்கிற வரை சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். சாறு தீர்ந்தால் ஊற்ற முடியாது, குப்பைதான். அப்பாவுக்குப் பாதிதான் புரிந்தது. தம்பி என் பக்கம் கையைக் காட்டினான்.

"அக்கா பாத்துக்குவா. அவளுக்குத் தெரியும்."

இப்படித்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் தாமுவே சந்தையில் ஒரு கைப்பேசிச் சாமான் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். உறை, சார்ஜர், கண்ணாடி ஒட்டுவது, இவைதான் வியாபாரம். சார்ஜ் போடுகிற எதுவானாலும் எனக்குத் தெரியும் என்பது வீட்டில் ஒரு நம்பிக்கை.

அப்பா ஒரு சரக்குக் கிடங்கில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். வேலை ஓய்ந்தாலும் சுருட்டு ஓயவில்லை. அவர் இருமினால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பர்மியக் குடும்பத்துக் குழந்தை விழித்து அழும். டாக்டர் நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிச் சுருட்டை விடச் சொன்னபோதுகூட அப்பா, "கிடங்குத் தூசியா இருக்கும்" என்றுதான் சொன்னார். மகன் வாங்கிக் கொடுத்ததால் மட்டுமே இதை வாயில் வைத்தார். அது மாம்பழ வாசனை. முதல் இழுப்புக்கு முகத்தைச் சுளித்தார். "சின்னப் பிள்ளைங்க மிட்டாய் மாதிரி இருக்குது" என்றார். ஆனால் அந்த வாரமே சுருட்டுக் கட்டு அலமாரியில் தீண்டப்படாமல் கிடந்தது.

தம்பி ஒரு விடியற்காலை பஸ்ஸில் எல்லைக்குப் போனான். பிறகு தாய்லாந்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டான் என்று செய்தி வந்தது. போகும்போது அம்மா அழவில்லை. மறுநாள் காலை வழக்கம்போலத் தனாக்காக் கல்லில் தண்ணீர் தெளித்துக் கட்டையைச் சந்தனம் போல உரசி, கன்னத்திலும் மூக்கிலும் மோவாயிலும் அப்பிக்கொண்டு சமைக்கப் போனாள். ஆனால் சோறு குழைந்தது. அடுத்த நாளும் குழைந்தது.

அப்பாவின் வேப்பைப் பராமரிப்பது ஒரு கைக்குழந்தையைப் பார்ப்பது போலத்தான். எங்கள் பகுதியில் கரண்ட் முறை வைத்து வரும், முறை சொன்ன நேரத்துக்கும் வராது. வந்தால் தெருவே "மீ லாபி!" என்று கத்தும். கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கூச்சலோடு ஒவ்வொரு வீட்டிலும் ஓட்டம் தொடங்கும். எங்கள் வீட்டில் முதலில் தண்ணீர் மோட்டார், அப்புறம் சோற்றுக் குக்கர், அப்புறம் விளக்குப் பேட்டரி, கைப்பேசிகள். கடைசியில் மிஞ்சுகிற பிளக்கில் அந்தச் சாமான். வேகமாகச் சார்ஜ் ஏற்றும் சார்ஜரில் அதைப் போடக் கூடாது, கொதித்துவிடும். கடையில் விலைபோகாத பழைய, மெதுவான சார்ஜர் ஒன்றை அதற்கென்றே கொண்டுவந்து வைத்திருந்தேன். போட்டுவிட்டு மறக்கவும் கூடாது. விளக்கு நிறம் மாறியதும் கழற்றிவிட வேண்டும்.

அப்பா அதைச் சட்டைப் பையில் தலைகீழாகப் போட்டுக்கொண்டு அலைவார். சாறு வாய்முனைக்கு இறங்கி, இழுக்கும்போது கொளகொளவென்று சத்தம் வரும், நாக்கில் கசப்பு ஒட்டும். "ஒன் தம்பி என்னமோ வெஷத்தை வாங்கிக் குடுத்துட்டுப் போயிட்டான்" என்று என்னிடம் நீட்டுவார். மெல்லிய தாளை முனையில் சுற்றி, கீழே பார்த்து ஓர் உதறு உதறினால் ஈரம் தாளில் இறங்கிவிடும். அடியில் காற்றுப் போகிற சிறு ஓட்டையில் சட்டைப் பஞ்சு அடைத்திருக்கும், அதைக் காய்ந்த பல்குச்சியால் நோண்டி எடுப்பேன். சுருட்டுப் பழக்கத்தில் அவர் விடாமல் நாலைந்து இழுப்பு இழுப்பார். அப்படி இழுத்தால் உள்ளே இருக்கும் திரி காய்ந்து, தீய்ந்த துணி மாதிரி ஒரு ருசி வரும்.

"ஒரு இழுப்பு இழுத்துட்டுக் கொஞ்சம் நிறுத்துங்கப்பா. அது மூச்சு விடணும்."

"நான் மூச்சு விடுறதுக்கே அத இழுக்கிறேன், அது என்னத்துக்கு மூச்சு விடணும்?" என்பார்.

அம்மாவுக்கு அந்தச் சாமான் ஆகவே ஆகாது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். "சாமி படத்துக்கு முன்னாடி மாம்பழ வாசன அடிக்குது, பாத்தா மாம்பழம் இல்ல. சாமியையே ஏமாத்துறீங்க" என்று சத்தம் போடுவாள். அப்பா இழுக்கும்போதெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். வாசலுக்குப் போ, பால்கனிக்குப் போ என்று விரட்டுவாள். அப்பாவும் போவார்.

பிறகு சாறு சீக்கிரம் தீர ஆரம்பித்தது. நான் சந்தையில் வாங்கி வரும் ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சீக்கிரம் காலியானது. அப்பா என்னைக் கோபித்தார். "ஒன்னய ஏமாத்தி வித்துட்டான், போலிச் சரக்கு" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். சந்தையில் போலி நிறைய. கடைக்காரரிடம் போய்ச் சண்டையும் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஞீமா, உங்க அப்பா ராத்திரி பகலா ஊதுறாரு போல" என்றார். தங்கச்சி என்று கூப்பிட்டு ஒருவர் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் என்ன சண்டை போடுவது?

அந்தச் சமயத்தில் ஒருநாள் வாய்முனையைத் துடைக்கும்போது தாளில் வெளிர் மஞ்சளாக ஏதோ வந்தது. தனாக்கா. என் கைதான் பட்டிருக்கும் என்று துடைத்துவிட்டேன். ஆனால் கடைக்குப் போகிற நாட்களில் நான் தனாக்கா பூசுவதில்லை. அது எனக்கு உடனே உறைக்கவில்லை.

உறைத்தது ஒரு மதியம். சந்தையில் ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கவில்லை என்று கடையைப் பாதியிலேயே மூடிவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா வாயைத் திறந்தபடி முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார். பின்பக்கத்தில் துணி காயப் போடும் இடத்தில் அம்மா வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் அப்பாவின் வேப். இழுத்தாள். அது கற்றுக்குட்டியின் இழுப்பு இல்லை. நிதானமாக, திரி கருகாமல் இழுத்து, கொஞ்சம் உள்ளே வைத்திருந்து, மூக்கு வழியே விட்டாள். நான் எத்தனை தடவை சொல்லியும் அப்பாவுக்கு வராத பக்குவம்.

"அம்மா!"

"கத்தாத. அவரு எந்திரிச்சிருவாரு."

"எப்பருந்து?"

அவள் முந்தானையில் முனையைத் துடைத்தாள். அவள் துடைத்த விதத்திலேயே அது பழகிப்போன வேலை என்று தெரிந்தது.

"அவன் போனதுலேருந்துதான். மொதல்ல என்னதான் இருக்குதுன்னு பாத்தேன். நெஞ்சுக்குள்ள யாரோ கையவிட்டு முறுக்குற மாதிரியே இருக்குதுடி. இத இழுத்தா அந்தக் கை கொஞ்சம் விட்டுடுது. அப்புறம் மறுபடி புடிச்சிக்கிது."

எனக்குக் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"ஒனக்குன்னு ஒண்ணு வாங்கியாரட்டுமா?"

"வேணாம். எனக்குன்னு ஒண்ணு வந்துருச்சுன்னா நான் குடிக்கிறவளா ஆயிடுவேன். இப்ப ஒங்க அப்பாவுதுல ரெண்டு இழுப்பு இழுக்கிறேன், அவ்வளவுதானே?"

"சரி."

"அப்பாட்ட சொல்லிராத. எந்தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். அதோடு நிற்கவும் இல்லை. அன்றிலிருந்து அப்பா கையில் கொடுப்பதற்கு முன்னால் முனையை நன்றாகத் துடைத்துக் கொடுத்தேன். சாறு சீக்கிரம் தீர்ந்தால், "ஆமாப்பா, போலிதான் போல" என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டேன். அம்மாவும் நானும் அந்த மாதங்களில் ஒருவருக்கொருவர் நெருக்கமாக இருந்தோம் என்று நினைத்திருந்தேன். மதியத்தில் நான் வீட்டில் இருந்தால் அவள் அருகே உட்கார்ந்து தம்பியைப் பற்றிப் பேசுவாள். வார்த்தைகளுக்கு நடுவே மாம்பழ ஆவி வரும்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தது அப்போதுதான். பார்த்தது அத்தை, அப்பாவின் அக்கா. கியாக்தானில் இருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பம், அங்கேயே கயிறும் மீன் வலையும் விற்கும் கடை வைத்திருந்தார்கள். முறைப்படி பெண் பார்க்க வருவதற்கு முன்னால், கோயிலுக்குப் போகிற சாக்கில் ஒருநாள் எங்களைச் சந்திக்க வைத்தாள். ஆற்று நடுவில் இருக்கும் பகோடாவுக்குப் படகில் போனோம். அவன் பொரி வாங்கி என்னிடம் பாதி கொடுத்தான், இருவரும் கெளுத்தி மீன்களுக்குப் போட்டோம். அவனுக்குத் தமிழ் புரியும், பேச்சு பர்மியத்தில்தான் வரும். தன் கைப்பேசியில் சார்ஜ் சரியாக ஏறுவதில்லை என்றான். வாங்கிப் பார்த்தேன். துளையில் பஞ்சு. கொண்டைக்குள் இருந்த ஊசியை வைத்துக்கொண்டு யோசித்து, அது வேண்டாம் என்று அவனை ஒரு பல்குச்சி வாங்கி வரச் சொல்லி அங்கேயே சுத்தம் செய்து கொடுத்தேன். திரும்பி வரும்போதும் அதை நினைத்துப் படகு ஆடும்படி சிரித்தான். அதன் பிறகு அடிக்கடி கூப்பிடுவான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவும் இல்லை.

அவனுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை அத்தை முன்னாடியே வந்துவிட்டாள். "பவுடரு கிவுடரெல்லாம் வேணாம். அந்தம்மாவுக்குத் தனாக்கா பூசுன முகந்தான் புடிக்கும்" என்றாள். அம்மாவே கல்லில் கட்டையை உரசினாள். என் மோவாயைப் பிடித்துக்கொண்டு இரண்டு கன்னத்திலும் மெல்லிசாகப் பூசிவிட்டாள். பூசி முடித்ததும் வேகமாகப் பின்பக்கம் போனாள். எனக்காகப் பதறுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்த அம்மாள் குட்டையாக, பூசினாற்போல இருந்தார். தங்க ஃபிரேம் கண்ணாடி. "பொண்ணு தமிழு நல்லா பேசுதே. எங்க பையன் வாயத் தொறந்தா பர்மாதான் வருது. அதையும் இது சரி பண்ணிரும்" என்று சிரித்தார். நான் லபெத் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். நடுவில் ஊறவைத்த தேயிலை, சுற்றிலும் வறுத்த பயறும் எள்ளும் பூண்டும். அவர் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தை மாதத்தில் நல்ல முகூர்த்தம் இருக்கிறது என்றார். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

அப்போது கரண்ட் வந்தது. தெருவே கத்தியது. மின்விசிறி சுழல ஆரம்பித்ததும் எல்லாரும் ஒரு மாதிரி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். பேச்சு நல்லபடி முடிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அப்பா பழக்கதோஷமாக அலமாரி மேல் கையை நீட்டித் தன் சாமானை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தி, கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"என்ன இது? தனாக்காவா?"

காலையில் நான் துடைத்து வைத்திருந்தேன். அதற்குப் பிறகு அம்மா, விருந்தாளி வரப்போகிற படபடப்பில், பின்பக்கம் போய்விட்டு வந்திருந்தாள். எனக்கு அது அந்த நிமிஷமே புரிந்தது. அவளும் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு என்னைத்தான் பார்த்தாள்.

அம்மாவின் முகத்தில் தினமும் தனாக்கா உண்டு. அன்றைக்கும் இருந்தது. ஆனால் அறையில் இருந்த ஒருவர்கூட அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் என் கன்னத்தைப் பார்த்தார்கள்.

அம்மாதான் முதலில் பேசினாள். "அவதான் அத சார்ஜ் போடுறா, தொடைக்கிறா. கை பட்டிருக்கும்."

அங்கேயே அது முடிந்திருக்கும். அத்தைக்குத்தான் நாக்கு நிற்காது. "கை படுறதுன்னா அதோட ஒடம்புல படும். வாயி வைக்கிற எடத்துல எப்படிப் படும்?" என்றாள்.

"அடிக்கடி தீந்துபோவுதுன்னு நான் கடைக்காரன ஏசிக்கிட்டு இருக்கேன்" என்றார் அப்பா, மெதுவாக, என்னைப் பார்த்து.

நான் அம்மாவைப் பார்த்தேன். சத்தியம் பண்ணியிருந்தேன். அதுவும் போக, வருங்கால மாமியார் முன்னால் 'நான் இல்லை, எங்கம்மா' என்று எந்தப் பெண்ணால் சொல்ல முடியும்? அவள் வாயிலிருந்து இன்னொரு பொய் வரட்டும் என்று காத்திருந்தேன். அவளுக்குப் பொய்க்கா பஞ்சம்? பக்கத்து வீட்டுக் குழந்தை விளையாடியது, விழுந்துவிட்டது, ஏதாவது.

அம்மா கண்ணாடி போட்ட அந்த அம்மாளைப் பார்த்துச் சொன்னாள்:

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க. வெளியில வேலைக்குப் போவுதுங்க, நாலு பேத்தப் பாத்துப் பழகிக்கிதுங்க. கல்யாணம் ஆயிட்டா விட்டுருவா."

அந்த அம்மாள் கையிலிருந்த தேயிலைச் சிட்டிகையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். "கெய்சா மஷிபு, கெய்சா மஷிபு" என்றார். பரவாயில்லை, பரவாயில்லை என்று. பஸ் கிடைக்காது என்று சொல்லிக் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட்டார். பகல் வெயில் அப்போதுதான் சாய ஆரம்பித்திருந்தது. கியாக்தான் பஸ் பொழுதெல்லாம் இருக்கும்.

இரண்டு நாள் கழித்து அத்தை அப்பாவைக் கூப்பிட்டு, அவர்கள் வேறு இடம் பார்க்கிறார்களாம் என்றாள். அவன் எனக்கு ஒரு செய்தி அனுப்பினான், பர்மியத்தில். 'உண்மையா?' என்று மட்டும். நீளமாக எழுதினேன், அழித்தேன். கடைசியில் 'இல்லை' என்று ஒரு வார்த்தை அனுப்பினேன். 'உன் அம்மாவே சொன்னதாக அம்மா சொல்கிறார்' என்று பதில் வந்தது. அதற்கு நான் என்ன எழுதுவது? அவனும் அதற்குப் பிறகு எழுதவில்லை.

அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே கரண்ட் போவதற்குள், என் முகத்தைப் பார்க்காமல், அந்த வேப்பை நான் இருந்த மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். சார்ஜ் போடுவதற்கு. நான் போட்டேன்.

அன்றைக்குத்தான் அம்மாவை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தேன். பிறந்ததிலிருந்து 'நீ' என்றே பேசிய வாய் அது. "சாப்பாடு எடுத்து வைங்க" என்றபோது அவள் கை ஒரு கணம் நின்றது. வேறு யாரும் கவனிக்கவில்லை. அப்பா காதில் விழுந்திருந்தால், பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டது, மரியாதை கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு அப்பா சாமானை அலமாரியில் வைப்பதில்லை. நான் தொட்டுவிடுவேன் என்று பயம். பகலில் சட்டைப் பையில், தூங்கும்போது தலையணைக்கு அடியில். அடைத்துக்கொண்டால் மட்டும் என்னிடம் நீட்டுவார். நான் பஞ்சை நோண்டி, ஈரத்தை உதறிக் கொடுக்கும் வரைக்கும் எதிரிலேயே நிற்பார், காவல்காரர் மாதிரி. கொடுத்ததும் முனையைத் தன் லுங்கியில் அழுத்தித் துடைத்துவிட்டு வாயில் வைப்பார். நான் வாய் வைத்த இடம் என்ற அருவருப்பு. என் வாய் அதில் ஒருநாளும் பட்டதில்லை.

இதில் அடிபட்டது அம்மாதான். அவளுக்கு ஒரு இழுப்பும் கிடைக்கவில்லை. முதல் வாரம் தலைவலி என்று ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்தாள். பிறகு எரிந்து விழுந்தாள், அப்பா மேல், என் மேல், அடுப்பின் மேல். தம்பி கைப்பேசியில் கூப்பிட்டால்கூட, "வச்சுடு, தலைய வலிக்குது" என்றாள். அவள் கை நடுங்குவதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, தெரியாதது போல இருந்தேன். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கடைசியில் அவளே வந்தாள். நான் பின்பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒண்ணு வாங்கியாறியா?"

"என்னத்த?"

"தெரியாத மாதிரி கேக்காதடி."

மறுநாள் வாங்கி வந்தேன். லிச்சி வாசனை. இரண்டுமே மாம்பழமானால் எது யாருடையது என்று குழம்பிவிடும், லிச்சி ஆவி சீக்கிரம் கலைந்துவிடும் என்று யோசித்துத்தான் வாங்கினேன். கடையில் ஒரு வாடிக்கையாளருக்குச் சொல்வது போல எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாம்பல் கலரு சார்ஜர்ல மட்டுந்தான் போடணும். வெளக்கு செவப்பா மின்னுனா சார்ஜு கம்மி. போட்டுட்டு வேற வேல பாக்கப் போயிறாதீங்க, சூடாவுதான்னு தொட்டுப் பாருங்க. நிக்க வைக்கணும், படுக்கப் போடக் கூடாது. சாறு தீந்தா தீஞ்ச வாட வரும், அதுக்கு மேல இழுக்காதீங்க. அடுப்புக்கிட்டயும் கொண்டு போவாதீங்க."

தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு சின்னக் குரலில், "அவரு பாத்துட்டா யாருதுன்னு சொல்றது?" என்றாள்.

"என்னுதுன்னு சொல்லுங்க. சொல்லி வச்சதுதானே."

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெட்டியைக் கிழித்து, ரப்பர் மூடியைக் கழற்றி, அங்கேயே நின்று ஒரு இழுப்பு இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தோள் இறங்கியது. நான் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

எங்கள் கடைக்காரம்மா இன்சீன் சந்தையில் இன்னொரு கடை திறந்தபோது, அங்கே போகிறேன் என்று நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கூட வேலை பார்க்கும் ஒரு பர்மியப் பெண்ணோடு ஓர் அறை. வட்ட ரயிலில் தினம் போய்வர முடியாத தூரம் ஒன்றுமில்லை. "அவ்வளவு தூரத்துக்கு என்னத்துக்கு?" என்று அம்மா கேட்டாள். அப்பா பேப்பரைப் பார்த்தபடி, "போவட்டும்" என்றார். பல மாதத்துக்குப் பிறகு என் விஷயத்தில் அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

இன்சீனுக்குப் போன பிறகு பௌர்ணமி விடுமுறைகளில் மட்டும் வீட்டுக்குப் போவேன். ஒரு தடவை போனபோது அத்தை கியாக்தானிலிருந்து வந்திருந்தாள். முன்னறையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் லபெத் தட்டு. சார்ஜ் போடும் இடத்தில் அப்பாவின் வேப்பும் அம்மாவின் வேப்பும் பக்கத்தில் பக்கத்தில் செருகியிருந்தன. மறைக்காமல், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி.

அப்பா என்னிடம் இல்லை, அத்தையிடம்தான் சொன்னார். ஆனால் எனக்கும் சேர்த்துக் கேட்கிற சத்தத்தில்.

"இவளப் பாத்தியாக்கா? வயசான காலத்துல இவளும் ஆரம்பிச்சிட்டா! அன்னிக்கு நான் மோட்டாரு போட எந்திரிச்சா, என்னுதோட இன்னொண்ணு சொருவியிருக்குது. யாருதுடின்னு கேக்குறேன், என்னுதுங்குறா, கூச்சமே இல்லாம!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். இருமல் வராமல் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அத்தை கையைத் தட்டினாள். "எங்க, குடு நானும் ஒண்ணு இழுக்கிறேன்" என்று அம்மாவுடையதை வாங்கி இழுத்து, இருமி, கண்ணில் தண்ணீர் வர, "அய்ய, சோப்பு மாதிரி இருக்குது" என்றாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், புதுப்பெண் மாதிரி.

நான் வாங்கி வந்த பழப் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சிரித்து ஓய்ந்த அத்தை ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். அன்றைய தனாக்காவும் இதுவும் அவள் மனதில் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன, அது எனக்குத் தெரிந்தது. பிறகு அவள் லபெத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, வறுத்த பயறாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.

கிளம்பும்போது அம்மா தெரு வரைக்கும் வந்தாள். படிக்கட்டில் இறங்கும்போது கேட்டுவிட்டேன். அதுவரை கேட்டதில்லை.

"அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க? கை பட்டிருக்கும்னு சொன்னீங்கள்ல, அதோட நிறுத்தியிருக்கலாமே?"

அவள் யோசிக்கவே இல்லை. எத்தனையோ தடவை தனக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பதில் போல வந்தது.

"நீ சின்னப் பொண்ணு. இந்த எடம் போனா வேற எடம் வரும்னு நெனச்சேன். எனக்கு இந்த வீட்ட விட்டா வேற வீடு எங்கடி இருக்குது? அவரு அன்னிக்குச் சிரிச்சிருப்பாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சொன்னது பொய் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்ததும் அதனால்தான். பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். எனக்குப் பார்த்தவன் அதற்குள் பகோ ஊரில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டுவிட்டான் என்று அவளுக்கும் தெரியும், அத்தைதான் சொல்லியிருப்பாள். அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. தெருமுனையில் மொஹிங்கா நூடுல்ஸ் கடைக்காரர் பானையைக் கழுவி ஊற்றிய தண்ணீரைத் தாண்டி நின்றோம்.

"அடுத்த பௌர்ணமிக்கு வருவியா?" என்றாள்.

"கடையில லீவு குடுத்தா வர்றேன்."

பௌர்ணமிக்கு இன்சீன் சந்தை முழுதும் மூடிக்கிடக்கும். அது அவளுக்கும் தெரியும்.